அணையாத கம்பி

1812-ஆம் வருஷம் மே மாதம் 25-ஆம் தேதி, இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள பெல்லிங் என்ற ஊரில் பூமி அதிர்ந்தது. பூகம்பம் அல்ல, ஊருக்கு அடியிலிருந்த நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. உள்ளே இறங்கியவர்களில் 92 பேர் மாண்டார்கள். அவர்களில் மீசை முளைக்காத சிறுவர்கள் பலர். அந்தக் காலத்துச் சுரங்கத் தொழிலாளிக்கு வெளிச்சமே எமன். கரியின் இடுக்குகளிலிருந்து கசியும் வாயு பற்றிக்கொள்ள ஒரு சிறு சுடர் போதும். சுடர் இல்லாவிட்டாலோ, எது கரி எது தன் கை என்றுகூடத் தெரியாத இருட்டு.

நான் எழுத வந்தது ரேடியோவினால் ஓட்டும் பந்தயக் காரைப் பற்றி. 'மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாரே!' என்று வாசகர்கள் நினைக்கலாம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், முடிச்சு இருக்கிறது. அதுவும் சாதாரண முடிச்சு அல்ல, பிளாட்டினக் கம்பியால் போட்ட முடிச்சு.

பெல்லிங் விபத்துக்குப் பிறகு, சுரங்கச் சாவுகளைத் தடுக்க வழி தேடியவர்கள் 1815-ல் ஸர் ஹம்ப்ரி டேவியிடம் போனார்கள். லண்டனில் பெரிய விஞ்ஞானி. அவருடைய பிரசங்கத்தைக் கேட்கச் சீமாட்டிகள் கூட்டம் கூட்டமாக வருவார்களாம். டேவி சில மாதங்களிலேயே ஒரு விளக்கைச் செய்துவிட்டார். சுடரைச் சுற்றி மெல்லிய கம்பி வலை. சுடரின் உஷ்ணத்தை வலை வாங்கிக்கொள்வதால் நெருப்பு வெளியே தாவுவதில்லை. இதற்கு அவர் காப்புரிமை வாங்கவில்லை, பணமும் கேட்கவில்லை. இதிலே ஒரு விபரீதம் என்னவென்றால், பாதுகாப்பு விளக்கு வந்துவிட்ட தைரியத்தில் முதலாளிகள் முன்னே நுழைய அஞ்சிய ஆழங்களுக்கெல்லாம் ஆட்களை இறக்கினார்கள். சுரங்கச் சாவுகள் எதிர்பார்த்தபடி குறையவில்லை. அது தனிக் கதை.

நமக்கு வேண்டியது 1817-ல் டேவி சொன்ன இன்னொரு சமாசாரம். வாயுவும் காற்றும் கலந்த கலவையில் சூடான பிளாட்டினக் கம்பி ஒன்றை அவர் நுழைத்துப் பார்த்தார். கலவையில் சுடர் எழவில்லை. ஆனால் கம்பி செக்கச்செவேலென்று கனன்றது, கனன்றுகொண்டேயிருந்தது! கம்பியும் தேயவில்லை. வாயு தீரும்வரை அது தானாகவே சூட்டைக் காப்பாற்றிக்கொண்டது. வாயு மிகுந்து விளக்கு அணைந்துபோனாலும், விளக்குக்குள் பிளாட்டினச் சுருள் ஒன்று தொங்கினால் அந்தக் கனலின் ஒளியில் தொழிலாளி வழி கண்டு வெளியே வரலாம் என்று டேவி யோசித்தார். சாராய ஆவியிலும் இதே வித்தை பலித்தது. சாராயம் நனைந்த திரிக்கு மேலே பிளாட்டினச் சுருளை மாட்டி, சுடரே இல்லாத விளக்கு ஒன்றைச் செய்து அந்தக் காலத்தில் வேடிக்கை பார்த்தார்கள். 1823-ல் ஜெர்மனியில் ஜேனா நகரத்து டோபரைனர், பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜனைப் பீச்சி நெருப்பு உண்டாக்கும் மேஜை விளக்கையே செய்துவிட்டார். தான் மாறாமல் பிறவற்றை மாற்றும் இந்தக் குணத்துக்கு ஒரு பெயர் வேண்டாமா? 1830-களில் ஸ்வீடன் தேசத்து பெர்ஸீலியஸ் பெயர் வைத்தார். நம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை வினையூக்கம் என்று நெட்டுருப் போடுகிறார்கள்.

இனி காருக்கு வரலாம்.

நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு அளவு. மைதானத்தின் ஓரத்தில் உயரமான மேடையில் நின்றுகொண்டு, கையிலுள்ள ரேடியோப் பெட்டியால் ஓட்டுகிறார்கள். யந்திரத்தின் கொள்ளளவு 3.5 ஸி.ஸி.; ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. ஆனால் நிமிஷத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. இரண்டு வீச்சு யந்திரமாகையால் சுற்றுக்கு ஒரு வெடி, அதாவது ஒரு விநாடிக்கு 500 வெடிகள். இந்த 500 வெடிகளையும் பற்றவைக்க அதில் மாக்னெட்டோ இல்லை, காயில் இல்லை, மின்பொறியும் இல்லை. ஸிலிண்டரின் தலையில் சின்னதாக ஒரு பிளக். அதற்குள்ளே பிளாட்டினக் கம்பிச் சுருள். புறப்படும்போது மட்டும் ஒன்றரை வோல்ட் பாட்டரியை அதன்மேல் வைத்துக் கம்பியைச் சிவக்க வைக்கிறார்கள். யந்திரம் கிளம்பியதும் பாட்டரியை எடுத்துவிடலாம். அப்புறம் கம்பி தானே கனல்கிறது. மெத்தனால் ஆவி மேலே படப்பட, டேவி பார்த்த அதே கனல்.

இந்த யோசனை ஒரு நாளில் வந்துவிடவில்லை. 1930-களின் ஆரம்பத்தில் பிலடெல்பியா நகரத்தில் பில் பிரவுன் என்ற வாலிபன் விளையாட்டு விமானத்துக்கென்று ஒரு சிறு பெட்ரோல் யந்திரம் செய்தான். அதைப் பூட்டிய விமானம் 1933-ல் அமெரிக்க தேசியப் போட்டியில், ரப்பரை முறுக்கிப் பறக்கவிடும் விமானங்களையெல்லாம் ஓட ஓட விரட்டியது. பிறகு கலிபோர்னியாவில் விளையாட்டுக் கார்களிலும் இத்தகைய யந்திரங்களைப் பூட்டினார்கள். அப்போது ரேடியோ ஏது? நடுவிலே ஒரு கம்பம். அதிலிருந்து ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் கார். செக்குமாடு மாதிரி வட்டமாகச் சுற்ற வேண்டியதுதான். ஆனால் மணிக்கு நூறு மைல் வேகத்தில் சுற்றும் செக்குமாடு! அந்த யந்திரங்களில் மின்பொறிதான். அதற்குக் காயில், கண்டென்ஸர், பாட்டரி என்று மூட்டை மூட்டையாகச் சாமான். யந்திரத்தைவிட அதன் பரிவாரம் கனம்.

1947-ல் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் பிளாட்டினக் கம்பி பிளக்கை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சூடேற்றிய குழாயால் வாயுவைப் பற்றவைப்பது 1880-களிலேயே டெய்ம்லர் கையாண்ட முறை. ஆர்டனின் சாமர்த்தியம், பிளாட்டினத்தையும் மெத்தனாலையும் ஜோடி சேர்த்ததில் இருந்தது. பரிவாரம் முழுவதும் ஒரே நாளில் வேண்டாததாகிவிட்டது. பழைய யந்திரத்தில் பொறி பிளக்கைக் கழற்றி இதைத் திருகினால் போதும். ஓரிரு வருஷங்களில் காயிலும் கண்டென்ஸரும் விளையாட்டு யந்திரங்களிலிருந்து அநேகமாக மறைந்தன. அவற்றைச் செய்து விற்றவர்கள் என்ன பாடுபட்டார்கள் என்று யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. சரித்திரத்துக்கு அவ்வளவு சாவகாசம் கிடையாது.

ஆனால் பரிவாரத்தோடு இன்னொன்றும் போயிற்று. மின்பொறி யந்திரத்தில், 'இந்தக் கணத்தில் வெடி' என்று கட்டளையிட ஒரு நெம்புகோல் உண்டு. புதிய யந்திரத்தில் அது இல்லை. எப்போது வெடிப்பது என்பதைக் கம்பியின் சூடு, கலவையின் அழுத்தம், எரிபொருளின் குணம், அன்றைய காற்றின் குளிர்ச்சி எல்லாம் கூடிப் பேசி முடிவு செய்கின்றன. மனிதனுக்கு அந்தப் பஞ்சாயத்தில் ஓட்டுக் கிடையாது. எரிபொருளைச் சற்றுக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். அதற்குத்தான் கார்புரேட்டரில் ஊசி என்ற ஒரு திருகு. அந்தத் திருகைத் திருப்புகிற கலையைத்தான் 'ட்யூனிங்' என்கிறார்கள். வீணைக்குச் சுருதி கூட்டுவதற்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். எனக்கு அது மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

என் நண்பர் ஒருவரின் மகன் இந்தப் பைத்தியம் பிடித்தவன். ஊருக்கு வெளியே ஒரு வெற்று மைதானத்தில் அவன் திருகைத் திருப்புவதை ஒரு நாள் காலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். காரை நாலு சுற்று விடுவான். கண்ணால் அல்ல, காதால் பார்ப்பான். "மாமா, இப்போ தொண்டை கட்டினாப்பலே கத்துது பாருங்க. எண்ணெய் அதிகம்" என்பான். ஊசியை ஒரு மணி நேரத்து முள் நகரும் அளவு வலப்பக்கம் திருகுவான். மறுபடி ஓட்டம். குரல் தெளிகிறது. வாலில் நீலப் புகை மெல்லிய நூலாக இழைகிறது. "இதுக்கு மேலே திருகினா இன்னும் வேகமாப் போகும். ரெண்டு சுற்று போகும். அப்புறம் புகை நின்னுடும், யந்திரமும் நின்னுடும்." எண்ணெயும் எரிபொருளோடு சேர்ந்தே வருவதால், எரிபொருள் குறைந்தால் யந்திரத்துக்குக் குளிர்ச்சியும் இல்லை, வழுவழுப்பும் இல்லை என்று விளக்கினான்.

காரை நிறுத்தி, யந்திரத்தின் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டான். மூன்று நாலு விநாடி சிணுங்கிவிட்டு ஆவியானால் சரி. விழுந்த மாத்திரத்தில் மறைந்தால் ஆபத்து. சும்மா உட்கார்ந்திருந்தால் யந்திரம் இன்னும் சோம்பல். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று நம் வீட்டில் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்களே, அதே சோதனைதான்! பிறகு, மெதுவான ஓட்டத்துக்கு இருக்கும் இன்னொரு திருகு. அதற்குப் பரீட்சை வேறு. யந்திரம் நிதானமாக முனகிக்கொண்டிருக்கும்போது எரிபொருள் குழாயை இரண்டு விரலால் நசுக்கிப் பிடித்தான். இரண்டு மூன்று விநாடி சுருதி லேசாக ஏறி, அப்புறம் நின்றது. உடனே நின்றிருந்தால் பட்டினி; வெகுநேரம் ஏறிக்கொண்டே போயிருந்தால் அஜீரணம். உஷ்ணத்தை அளக்கும் துப்பாக்கி போன்ற கருவி அவனிடம் இருந்தது. சுமார் 110 டிகிரி ஸென்டிகிரேட் காட்டியது. அதைப் பார்த்துவிட்டுத் திருகைத் தொடவில்லை. திருகைத் தொட்டு முடித்த பிறகே அதைப் பார்த்தான்.

வெயில் ஏறினதும் மறுபடி ஆரம்பம்! காலைக் குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதற்கு எரிபொருள் அதிகம் வேண்டும். உச்சிவேளைக் காற்று லேசானது. காலையில் வைத்த சுருதி பகலில் ஒத்துவராது.

மைதானம் முழுவதும் ஒரு வாசனை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கேட்டால், விளக்கெண்ணெய்! சிறுவயதில் மாதம் ஒரு முறை மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றினார்களே, அந்தச் சாக்ஷாத் விளக்கெண்ணெய்தான். பெட்ரோலில் எளிதில் கரையாதது மெத்தனாலில் நன்றாகக் கரைகிறது. மற்ற எண்ணெய்கள் கருகிப் போகும் சூட்டில் இது பிசின்போல் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு காப்பாற்றுகிறது. முதல் உலக யுத்தத்து விமானங்களின் சுழல் யந்திரங்களும் இதைத்தான் குடித்தன. பின்னால் உட்கார்ந்து அதன் புகையைச் சுவாசித்த விமானிகளின் வயிறு பட்ட பாட்டை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். உலகத்து ஆமணக்கில் பெரும் பகுதி இந்தியாவில், அதிலும் முக்கியமாகக் குஜராத்தில், விளைகிறது. இப்போது செயற்கை எண்ணெயோடு கலந்துதான் விடுகிறார்கள்; ஆனாலும் ஒரேயடியாக விளக்கெண்ணெயைக் கைவிட எத்தனையோ பேருக்கு மனம் வரவில்லை.

எரிபொருளின் மற்ற இரண்டு பாகங்களை வேடிக்கையாகப் பேச முடியாது. மெத்தனால் கொடிய விஷம். 2024-ல் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்ட உயிர்களை வாங்கிய சாராயத்தில் இருந்தது அதுவேதான். பையன் அதைப் பூட்டிய அலமாரியில் வைத்திருப்பதையும், கையுறை இல்லாமல் தொடாததையும் பார்த்த பிறகே எனக்கு மூச்சு வந்தது. இன்னொன்று, யந்திரத்துக்குப் பெயர் கொடுத்த நைட்ரோமீத்தேன். இது தன் பிராணவாயுவில் ஒரு பங்கைத் தன்னோடு கொண்டுவருகிறது. ஒரு பங்கு பெட்ரோல் எரியச் சுமார் 15 பங்கு காற்று வேண்டுமானால், ஒரு பங்கு நைட்ரோமீத்தேனுக்கு இரண்டு பங்குகூட வேண்டாம். அதனால் அதே மூச்சுக் காற்றில் யந்திரம் பல மடங்கு சாப்பிட முடிகிறது. பந்தயக் கார்களில் பெரும்பாலும் 16 முதல் 30 சதவிகிதம்வரை கலக்கிறார்கள். அமெரிக்காவில் இதை வெகுகாலம் சாதுவான திரவம் என்று நம்பி ரயில் டாங்கிகளில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். 1958-ல் ஒரே வருஷத்தில் இரண்டு டாங்கிகள், ஒன்று நயாகரா நீர்வீழ்ச்சி நகரத்திலும் மற்றொன்று இல்லினாய் மாகாணத்து மவுண்ட் புலாஸ்கியிலும், வெடித்துத் தரையைக் குடைந்தன. அதன் பிறகு டிரம்களில்தான் அனுப்பினார்கள். 1995-ல் ஓக்லஹோமா நகரத்தில் 168 பேரைக் கொன்ற குண்டிலும் இது சேர்ந்திருந்தது. ஐரோப்பிய யூனியனில் 2021 முதல், 16 சதவிகிதத்துக்கு மேல் கலந்ததைப் பொதுஜனங்கள் உரிமம் இல்லாமல் வாங்க முடியாது என்று சட்டம். விளையாட்டுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். சட்டத்தின்மேல் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை.

காரின் வாலில் பருத்த கத்தரிக்காய் போல் ஒரு குழாய் தொங்குகிறதே, அதன் கதை ஒரு நாவலுக்குப் போதும்.

இரண்டு வீச்சு யந்திரத்தில் புகை வெளியேறும் வாசலும் புதுக் கலவை நுழையும் வாசலும் ஒரே சமயத்தில் திறந்திருக்கும். வந்த விருந்தாளி கொல்லைப்புறமாகப் போய்விடுவதுபோல், புதுக் கலவையில் ஒரு பங்கு வீணாகப் போய்விடும். புகைக் குழாயை முதலில் விரித்துப் பிறகு குறுக்கினால், வெடியின் ஒலி அலை குறுகிய முனையில் மோதித் திரும்பி வந்து, ஓடிப்போகும் கலவையைப் பிடித்து உள்ளே தள்ளிவிடும். எந்த வேகத்தில் அலை சரியான கணத்துக்குத் திரும்பும் என்பது குழாயின் நீளத்தைப் பொறுத்தது. கிழக்கு ஜெர்மனியில் எம்.இஸட். மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் வால்டர் காடன் என்ற இஞ்சினியர் 1950-களில் இதை ஒரு சாஸ்திரமாகவே ஆக்கினார். யுத்த காலத்தில் பீனமுண்டே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். கையில் பணம் இல்லை, நல்ல உலோகம் இல்லை. ஆயினும் 1961-ல் அவருடைய 125 ஸி.ஸி. யந்திரம் 25 குதிரைச் சக்தி கொடுத்தது. அப்போது அதை எவரும் கேட்டதில்லை.

அந்த வருஷம் ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. செப்டம்பரில் ஸ்வீடன் பந்தயத்துக்கு வந்த எம்.இஸட். ஓட்டக்காரர் எர்னஸ்ட் டெக்னர், யந்திரம் பழுதாகிப் பாதியில் நின்றதும், திரும்பிப் போகவில்லை. அவர் மனைவியும் குழந்தைகளும் ஒரு காரின் சாமான் அறையில் ஒளிந்து எல்லையைக் கடந்துவிட்டிருந்தார்கள். டெக்னர் காடனின் இரகசியங்களோடு ஜப்பானிய ஸுஸுகி கம்பெனிக்குப் போனார். 1962-ல் 50 ஸி.ஸி. உலகப் பட்டம் ஸுஸுகிக்குக் கிடைத்தது, ஓட்டியவர் டெக்னர். காடன் தன் தொழிற்சாலையிலேயே இருந்தார், எம்.இஸட்டுக்கு உலகப் பட்டம் கடைசிவரை கிட்டவில்லை. குடும்பத்தோடு சுதந்திரம் தேடியவனைத் துரோகி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் செய்தி வந்த அன்று பட்டறையில் தனியாக நின்றிருக்கக்கூடிய காடனையும் என்னால் மறக்க முடியவில்லை.

அதே தத்துவத்தில் அமைந்த சின்னக் குழாய் 1966-ல் இங்கிலாந்தில் ஸ்விண்டர்பி என்ற இடத்தில் நடந்த விளையாட்டு விமானங்களின் உலக வேகப் போட்டிக்கு வந்தது. கொண்டுவந்தவர் பில் விஸ்னியூஸ்கி என்ற அமெரிக்கர். அவர் யந்திரத்தில் இன்னொரு புதுமையும் இருந்தது. உள்ளே குரோமியம் பூசிய பித்தளை உறை. அதில் வளையமே இல்லாத அலுமினிய பிஸ்டன். இந்த உறை மேலே சற்றுக் குறுகலாக இருக்கும். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் உச்சியில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். சூடேறி உறை விரிந்தால்தான் அளவு சரியாகும். ஆகையால் புது யந்திரத்தைப் பழக்குவதற்குப் பொறுமை வேண்டும். முன்கூட்டியே சூடாக்கிக் கிளப்ப வேண்டும். கலவையில் எரிபொருளை ஏராளமாக விட்டுச் சில நிமிஷம் ஓட்ட வேண்டும். பிஸ்டன் கீழே இருக்கும்படி நிறுத்தி ஆறவிட வேண்டும். மறுபடி ஓட்ட வேண்டும். முதல் நாளே அவசரப்பட்டவனுடைய யந்திரம் ஆயுள் முழுவதும் அவனைப் பழிவாங்கும்.

ரேடியோக் கார்கள் 1960-களின் பிற்பகுதியில் பெருகின. 1967-ல் அமெரிக்காவில் இதற்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டது. 1977-ல் கலிபோர்னியாவில் பொமோனா நகரத்தில் எட்டில் ஒரு பங்குக் கார்களுக்கு முதல் உலகப் போட்டி நடந்தது. கரடுமுரடான தரையில் ஓடும் கார்களின் உலக இறுதிப் பந்தயம் இப்போது ஒரு மணி நேரம். டாங்கியோ 125 ஸி.ஸி.தான். ஆகவே சில நிமிஷங்களுக்கு ஒரு முறை கார் ஓரத்துக்கு வரும். அங்கே குனிந்து காத்திருக்கும் ஆள் அதைத் தூக்கி, எரிபொருளைப் பீச்சி, திருப்பிப் போட வேண்டும். இரண்டு மூன்று விநாடி வேலை. மேடையில் நிற்பவன் கையில் ரேடியோ இருக்கலாம். யந்திரத்தின் நாடி கீழே நிற்பவன் காதில் இருக்கிறது. 'எண்ணெய் குறைகிறது, இந்தச் சுற்றில் வா' என்று அவன் கூவினால் வந்துவிட வேண்டியதுதான்.

இன்று லித்தியம் பாட்டரியும் மின் மோட்டாரும் வந்துவிட்டன. பொத்தானைத் தட்டினால் கார் பறக்கிறது. நாற்றமில்லை, புகையில்லை, பக்கத்து வீட்டுக்காரருடன் சண்டையில்லை. புதிதாக வரும் பையன்கள் பெரும்பாலும் அதைத்தான் வாங்குகிறார்கள். வேகத்திலும் அது இளைத்ததல்ல. நைட்ரோக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொழுது சாயும்போது மைதானத்தை விட்டுக் கடைசியாகப் போகிறவர்கள் அவர்கள்தான். ஏனென்றால் ஓட்டம் முடிந்த பிறகும் அவர்களுக்கு வேலை மிச்சம் இருக்கிறது. டாங்கியைக் காலி செய்ய வேண்டும். குழாயில் தங்கியதும் எரிந்து தீரும்வரை யந்திரத்தை ஓடவிட வேண்டும்; மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு ஒரே இரவில் பேரிங்கைத் துருப்பிடிக்க வைத்துவிடும். காற்று வடிகட்டியைக் கழுவ வேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே போனால் பிஸ்டனும் உறையும் பாழ். பிறகு பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரத்தில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, யந்திரத்தைக் கையால் சுற்றிவிட வேண்டும்.

கழற்றிய பிளக்கை உடனே மூடி வைப்பதில்லை. மேற்கு வெளிச்சத்துக்கு நேராக, கண்ணருகே வைத்துப் பார்க்கிறார்கள். கம்பி புதியதுபோல் பளபளத்து ஈரமாக இருந்தால் எரிபொருள் கூடுதல். சற்றே மங்கிச் சாம்பல் பூத்திருந்தால் சரி. சுருள் நசுங்கியோ அறுந்தோ இருந்தால் பட்டினி போட்டிருக்கிறோம் என்று அர்த்தம். பார்த்துவிட்டு, நாளைக் காலை முதல் ஓட்டத்துக்கு ஊசியை எந்தப் பக்கம், எவ்வளவு திருப்புவது என்று பக்கத்திலிருப்பவனுடன் விவாதம் ஆரம்பமாகிறது. இருட்டிய பிறகும் அது முடிவதில்லை.